கேம்பாய் செய்த யோகோய்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடும். ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச் சட்டியோடு நெருக்கியடித்து ஏறிக் கொள்வார்கள். முந்தல் தாண்டினால் மலை ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை.

ஜீப்பில் இருக்கும் வாலிபர்களில் யாராவது ஒருவர் செல்போனில் விளையாடிக் கொண்டு வருவார். அவர் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். இடது கட்டை விரல் மேலும் கீழும், இப்படியும் அப்படியும் போகும். அது வழி காட்டும் விரல். வலது கட்டை விரல் தட்டும். அது வேலை செய்யும் விரல்.

இந்தப் பழக்கம் உலகம் முழுவதும் ஒன்றுதான். சென்னையில் மாடி வீட்டில் விளையாடும் பையனும் இப்படியே பிடிக்கிறான். அமெரிக்காவில் விளையாடும் பெண்ணும் இப்படியே பிடிக்கிறாள்.

இதைப் பரப்பிய மனிதர் யார்?

அவர் ஒரு ஜப்பானியர். பெயர் கும்பெய் யோகோய்.

வருஷக் கணக்கு

ஏலக்காய்க்கு ஒரு வருஷக் கணக்கு உண்டு. ஆகஸ்டு மாதம் தொடங்கி ஜூலையில் முடியும். ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இராது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ காய் அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போயிற்று. 2024 கோடையிலோ வெயில் கொளுத்தியது. இடுக்கி மலையில் தோட்டம் தோட்டமாகச் செடிகள் காய்ந்தன.

விளையாட்டுப் பெட்டி செய்யும் கம்பெனிகளுக்கும் இப்படித்தான். அவற்றின் ரசிகர்களும் வருஷா வருஷம் கணக்குப் பார்க்கிறார்கள். எந்தப் பெட்டி வந்தது, எது ஓடியது, எது படுத்தது என்று சண்டை போடாத குறையாகப் பேசுகிறார்கள். நின்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனியின் ரசிகர்கள் 2025-ஐ நல்ல வருஷம் என்று எழுதிக் கொண்டார்கள். அந்த ஜூனில் வெளிவந்த ஸ்விட்ச் 2 என்ற பெட்டி நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது.

கெட்ட வருஷம் எது என்று கேட்டால் பலர் சொல்வது 1995. அந்தக் கெட்ட வருஷத்தின் பழி யோகோய் தலையில் விழுந்தது. பழி சரிதானா? அதைத் தெரிந்துகொள்ள அவர் வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சீட்டுக்கட்டுக் கம்பெனி

யோகோய் 1941 செப்டம்பர் 10-ந் தேதி கியோட்டோ நகரில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுத் தொழில் படித்தார். 1965-ல் உள்ளூரிலேயே உத்தியோகம் கிடைத்தது. கம்பெனியின் பெயர் நின்டெண்டோ.

அப்போது அது வீடியோ கேம் கம்பெனி அல்ல; சீட்டுக்கட்டுக் கம்பெனி. 1889-ல் புசாஜிரோ யமவுச்சி என்பவர் தொடங்கியது. பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகள் அச்சடிப்பதே தொழில். யோகோய் காலத்தில் அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி முதலாளி. சீட்டு விற்பனை மட்டும் போதாது என்று உடனடிச் சோறு, டாக்சி என்று பல வியாபாரங்களில் இறங்கிக் கையைச் சுட்டுக் கொண்டிருந்தார்.

படித்து விட்டு வந்த வாலிபருக்குக் கிடைத்த வேலை என்ன? சீட்டு செய்யும் யந்திரங்களைப் பழுது பார்ப்பது! யந்திரம் ஓடிக் கொண்டிருந்தால் அவருக்கு வேலை இல்லை. பொழுது போகவில்லை. கையில் அகப்பட்ட சாமான்களை வைத்து ஒரு விளையாட்டுப் பொருள் செய்தார்.

கடை வாசலில் இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவைப் பார்த்திருப்பீர்கள். குறுக்குப் பட்டைகள் விரியும், சுருங்கும். அதே முறையில் ஒரு கை. இரண்டு பிடியையும் சேர்த்து அழுத்தினால் நீண்டு போய்த் தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்வும். நம் ஊரில் துறட்டி வைத்து முருங்கைக்காய் பறிக்கிறோமே, அதற்கு விளையாட்டுத் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு நாள் முதலாளி ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். யோகோய் விளையாடுவதைப் பார்த்து விட்டார். தம் அறைக்கு வரச் சொன்னார். சீட்டுக் கிழியப் போகிறது என்று நினைத்துக் கொண்டே வாலிபர் உள்ளே போனார். முதலாளி திட்டவில்லை. அதை விற்பனைக்கு ஏற்ற சாமானாகச் செய்யும்படி உத்தரவு போட்டார்!

1966-ல் அது "அல்ட்ரா ஹேண்ட்" என்ற பெயரில் கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் துடைத்தவர் விளையாட்டுச் சாமான் செய்யும் பிரிவுக்கு மாறினார்.

அடுத்தடுத்துப் பல சாமான்கள் செய்தார். 1969-ல் ஒரு வேடிக்கைப் பெட்டி வந்தது. ஆணும் பெண்ணும் கை கோத்துக் கொண்டு ஆளுக்கு ஒரு குமிழைப் பிடிக்க வேண்டும். உடம்பில் ஓடும் சிறு மின்சாரத்தை அளந்து, முள் அசைந்து, அவர்கள் காதல் எவ்வளவு என்று காட்டும்! உள்ளே இருந்தது பள்ளிக்கூடத்து மின் அளவு மானி போன்ற சாதாரண சமாசாரம். காதல் காட்டும் கருவி என்று பெயர் வைத்ததுதான் யோகோயின் மூளை.

ரெயிலில் வந்த யோசனை

1970-களில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் பெரும் போட்டி. ஷார்ப், கேசியோ என்று ஒன்றோடு ஒன்று மோதின. அதனால் கால்குலேட்டரில் எண் தெரியும் திரை மலிந்து போயிற்று.

ஒரு நாள் யோகோய் அதிவேக ரெயிலில் போய்க் கொண்டிருந்தார். ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டி விளையாடிக் கொண்டிருந்தார். யோகோய்க்குச் சுரீர் என்றது. பெரியவர்களும் பிறர் கண்ணில் படாமல் விளையாட ஆசைப்படுகிறார்கள்! கைக்குள் மறையும் ஒரு விளையாட்டு செய்தால் என்ன?

சில நாள் கழித்து முதலாளியின் கார் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. அது இடது பக்கம் ஓட்டும் வெளிநாட்டுக் கார். ஆபீசில் அப்படிப்பட்ட காரை ஓட்டிப் பழகியவர் யோகோய்தான். அவர் ஓட்டினார். சும்மா இருக்க முடியாமல் ரெயிலில் கண்டதைச் சொல்லி வைத்தார். முதலாளி பதில் பேசவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் ஷார்ப் கம்பெனி அதிகாரிகள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

1980 ஏப்ரலில் "கேம் அண்டு வாட்ச்" வந்தது. விளையாட்டும் உண்டு, மணியும் காட்டும். இந்த வரிசையில் மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றன.

1982-ல் இவற்றில் ஒன்றைப் புத்தகம் போல மடிக்கிற மாதிரி செய்தார்கள். அதில் ஒரு சிக்கல். அக்காலத்து விளையாட்டு யந்திரங்களில் நீட்டிக் கொண்டிருக்கும் குச்சியைப் பிடித்துத்தான் பொம்மையை நகர்த்த வேண்டும். குச்சி இருந்தால் மடிக்க முடியாது. யோகோய் குச்சியை எடுத்து விட்டார். கூட்டல் குறி வடிவத்தில் தட்டையான ஒரு பொத்தான் வைத்தார். எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் நகரும். பார்க்காமலே விரலுக்கு வழி தெரியும்.

ஜீப்பில் இருக்கும் வாலிபரின் இடது கட்டை விரல் தேடுவது அந்தக் கூட்டல் குறியின் சந்ததியைத்தான்.

மட்டக் காயின் மணம்

போடியில் ஏலக்காய் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். பருத்த பச்சைக் காய்க்குத்தான் விலை. சல்லடையில் கீழே விழும் சிறு காயும் வெடித்த காயும் மலிவு. ஆனால் தட்டி டீயில் போட்டால் மணத்தில் என்ன குறை? வீட்டுக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர் மட்டக் காயை வாங்கிக் கொண்டு போவார்.

யோகோய் வாங்கியது எப்போதும் மட்டக் காய்தான். எல்லோரும் பயன்படுத்திப் பழையதாகிப் போன, விலை இறங்கிய, பழுது வராது என்று தெரிந்த சாமானை எடுப்பார். அதை யாரும் நினைக்காத இடத்தில் பொருத்துவார். புத்தம் புதிய விலை உயர்ந்த சாமான் பின்னால் அவர் ஓடவில்லை. இதையே தம் கொள்கையாகச் சொல்லியும் எழுதியும் வந்தார்.

இந்தக் கொள்கைக்கு வந்த பெரிய சோதனை 1989. அந்த ஏப்ரல் 21-ந் தேதி கேம்பாய் ஜப்பானில் வெளிவந்தது. யோகோயும், சதோரு ஒகாடா முதலிய அவர் பிரிவுப் பொறியாளர்களும் செய்தது. கையில் பிடிக்கும் பெட்டி. வெவ்வேறு விளையாட்டை மாற்றி மாற்றிச் செருகலாம். ஆனால் திரையில் கலர் இல்லை. பாசி பிடித்தது போல ஒரு பச்சை. வெளிச்சமும் இல்லை, விளக்கடியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? அதே வருஷம் அட்டாரி கம்பெனியின் லிங்க்ஸ் வந்தது. மறு வருஷம் சேகா கம்பெனியின் கேம் கியர். இரண்டிலும் கலர் திரை, உள்ளே வெளிச்சம். கேம்பாய் பக்கத்தில் அவை ராஜா போல இருந்தன.

ஆனால் பேட்டரி? கேம் கியருக்கு ஆறு பென்சில் பேட்டரி போட்டால் 3 மணியிலிருந்து 5 மணி நேரம். கேம்பாய்க்கு நான்கு போட்டால் 15 மணி நேரம் ஓடும். லிங்க்ஸின் விலையோ அமெரிக்காவில் கேம்பாயைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பேட்டரிக்குக் காசு கொடுப்பது குழந்தை அல்ல, தகப்பனார்! மலையில் டார்ச் விளக்கை நம்பி வாழும் வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கேம்பாய் ஜெயித்தது. பின்னால் வந்த அதன் கலர்த் தம்பியையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. உழைப்பும் அப்படி. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம்பாய் அப்புறமும் வேலை செய்தது. அதைப் பல வருஷம் நியூயார்க் கடையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் கேம்பாயோடு "டெட்ரிஸ்" என்ற ருஷ்ய விளையாட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மேலிருந்து கட்டைகள் விழும், அடுக்க வேண்டும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜிட்னோவ் என்பவர் உண்டாக்கியது. இது நம் ஊருக்கும் வந்தது, வேறு உருவத்தில். 1990-களில் ஃபேன்சி ஸ்டோர்களிலும் திருவிழாக் கடைகளிலும் "பிரிக் கேம்" என்று விற்றார்களே, நினைவிருக்கிறதா? கேம்பாயைப் பார்த்து யார் யாரோ செய்த மலிவுச் சரக்கு. கலர் கிடையாது. இடது பக்கம் நாலு பொத்தான். யோகோய்க்கு இதில் ஒரு காசு கிடைத்திராது. ஆனாலும், மலிவான திரையும் நாள் கணக்கில் நீடிக்கும் பேட்டரியும் இருந்ததால்தான் அது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

1995

இனி அந்தக் கெட்ட வருஷம்.

யோகோய் புதிதாக ஒன்று செய்தார். பெயர் வர்ச்சுவல் பாய். கண்ணாடி போல முகத்தை வைத்துப் பார்த்தால் படம் ஆழமாகத் தெரியும். இதிலும் மட்டக் காய்தான் வாங்கினார். சின்னச் சிவப்பு விளக்குகள்தான் மலிவு. அதனால் படம் முழுவதும் சிவப்பும் கருப்பும். தலையில் மாட்ட முடியாது. மேஜை மீது வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். கழுத்து வலித்தது, கண் வலித்தது, தலை வலித்தது. கம்பெனியின் கவனமோ அப்போது வரவிருந்த நின்டெண்டோ 64 மீது இருந்தது.

1995 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. டிசம்பருக்குள் அங்கே கடையைக் கட்டி விட்டார்கள். உலகம் முழுவதும் விற்றது 8 லட்சத்துக்கும் குறைவு. கேம்பாயோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

மலிவு சாமான் எங்கே உதவும், எங்கே உதவாது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்றா? அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. கைக்குள் அடங்கும் பொருளில் கலர் இல்லாவிட்டால் ஜனங்கள் பொறுத்துக் கொண்டார்கள். கண்ணை வருத்தும் பொருளில் பொறுக்கவில்லை. தோல்வியில் அவர் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே கணக்கின் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வர்ச்சுவல் பாய் படுத்து இரண்டு மாதம் கழித்து, 1996 பிப்ரவரி 27-ல், போக்கிமான் என்ற விளையாட்டு வந்தது. எந்தப் பெட்டியில் விளையாட? ஏழு வருஷத்துப் பழைய கேம்பாயில்! இரண்டு பிள்ளைகள் தங்கள் கேம்பாய்களைக் கம்பியால் இணைத்துப் பூதங்களை மாற்றிக் கொள்ளலாம். ஜப்பான் பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்தது. கிழடாகிப் போன கேம்பாய் எழுந்து ஓட ஆரம்பித்தது. கம்பெனியைக் கீழே இழுத்ததாகப் பேர் வாங்கியவரின் பழைய சாமான்தான் மறுபடி கம்பெனிக்குச் சோறு போட்டது.

அந்த ஜூலையில் கேம்பாயைச் சிறிதாக்கிப் பாக்கெட் அளவில் யோகோய் பிரிவு வெளியிட்டது. ஆகஸ்டு 15-ந் தேதி அவர் வேலையை விட்டார். 31 வருஷச் சேவை. தோல்வியால் விரட்டி விட்டார்கள் என்று ஊர் பேசிற்று. தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் முன்பே இருந்ததாக அவர் சொன்னார். கியோட்டோவிலேயே "கோட்டோ" என்று சிறு கம்பெனி ஆரம்பித்தார்.

ஒரு வருஷம்தான் நடத்தினார். 1997 அக்டோபர் 4-ந் தேதி ஹொகுரிகு நெடுஞ்சாலையில் அவர் போன கார், ஒரு லாரியோடு லேசாக மோதியது. என்ன சேதம் என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மீது மோதி விட்டது. மலைப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு பதறும். அவருக்கு வயது 56.

அவர் கம்பெனி கடைசியாகச் செய்து கொண்டிருந்த கையடக்கப் பெட்டியை 1999 மார்ச்சில் பண்டாய் என்ற கம்பெனி வெளியிட்டது. வொண்டர்ஸ்வான் என்று பெயர். அதற்காக அவர் உண்டாக்கிய விளையாட்டு ஒன்றுக்கு அவர் நினைவாகக் கன்பெய் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெட்டிக்கும் கலர் இல்லை. ஒரே ஒரு பென்சில் பேட்டரி போட்டால் போதும்; 30 மணி நேரம் ஓடும்.