உயிரும் காற்றும் - வெர்னாட்ஸ்கி

பாறைகளையும் உயிர்களையும் தனித்தனியே ஆராய்ந்த காலத்தில், இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் விளாடிமிர் வெர்னாட்ஸ்கி. இவர் 1863ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் அறிஞர் டொக்குச்சாயெவிடம் பயின்றார். பாறையும் உயிரும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன என்பதை அவரிடம் கற்றார்.

பின்னர், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கனிமவியல் பேராசிரியரானார். 1911இல் பல்கலைக்கழகத்தின் உரிமைகளில் அரசு தலையிட்டது. அதனை எதிர்த்து, ஆசிரியர்கள் பலருடன் இவரும் பதவி விலகினார். ஆயினும், ஆய்வைக் கைவிடவில்லை.

1926இல் ‘உயிர்க்கோளம்’ எனும் நூலை வெளியிட்டார். வளிமண்டலத்தில் உள்ள உயிர்வளியை உருவாக்கியவை உயிர்களே என்று அதில் விளக்கினார். தாவரங்கள் கரிவளியை ஏற்று உயிர்வளியை வெளியிடுகின்றன. உயிர்கள் மடிந்து மட்கும்போது கரிமம் மீண்டும் காற்றிலும் மண்ணிலும் கலக்கிறது. இத்தகைய சுழற்சிகளை ஆராய்வதற்காகவே 1928இல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

புவி வரலாறு முழுவதும் வளிமண்டலம் பெரிதும் மாறவில்லை என்றே வெர்னாட்ஸ்கி கருதினார். 1945இல் அவர் மறைந்தார். அதன்பின் பழம்பாறைகளை ஆராய்ந்தோர் வேறொன்றைக் கண்டறிந்தனர். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றில் உயிர்வளி மிக மிகக் குறைவு. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் வெளியிட்ட உயிர்வளி, நீரில் கரைந்திருந்த இரும்புடன் சேர்ந்து துருவாகப் படிந்தது. காலப்போக்கில் அது காற்றிலும் பெருகியது. நிலத்துப் பாறைகளில் இருந்த கந்தகம் அதனோடு வினைபுரிந்து, ஆற்றுநீரில் கரைந்து கடலை அடைந்தது.

வளிமண்டலம் மாறவில்லை என்ற அவரது கணிப்பு தவறானது. எனினும், காற்றை உயிர்களே மாற்றியமைக்கின்றன என்ற அவரது அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்திருக்கிறது.