நாலு ஈக்குவேஷன், ஒரு தந்தி ஆபரேட்டர்

லேப்ல ஒரு சிமுலேஷன் ஓட்டுறோம்னு வைங்க. மோட்டாரோ ஆன்டெனாவோ வரைஞ்சு, மெட்டீரியல் குடுத்து, மெஷ் போட்டு, சால்வ் பட்டனை அமுக்கினா கொஞ்ச நேரத்துல சிவப்பும் நீலமுமா ஒரு படம் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டுல ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். உள்ள என்ன நடந்துச்சுன்னு வைவால கேட்டா, மேக்ஸ்வெல்லோட நாலு சமன்பாடு சார்னு சொல்லித் தப்பிச்சிடலாம்.

ஆனா மேக்ஸ்வெல் அந்த நாலையும் அப்படி எழுதவே இல்லை. 1865-ல வந்த அவரோட கட்டுரையில இருந்தது 20 சமன்பாடுகள், 20 மாறிகள். அதை இன்னைக்கு நாம மனப்பாடம் பண்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர், காலேஜ் வாசலையே மிதிக்காத ஒரு பழைய தந்தி ஆபரேட்டர். பேரு ஆலிவர் ஹெவிசைட்.

1850 மே 18-ல லண்டன்ல, கேம்டன் டவுன்ல பிறந்தார். அப்பா மரத்துல படம் செதுக்குறவர், வீட்ல வறுமை. சின்ன வயசுல வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் காதைப் பாதிச்சுது. மத்த பசங்களோட சேர்ந்து விளையாட முடியாம தனியாவே வளர்ந்தார். 16 வயசோட படிப்பு முடிஞ்சது. அவருக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம், தந்தி உலகத்துல பெரிய பேரான சார்லஸ் வீட்ஸ்டன் உறவு முறையில சித்தப்பா. அந்தத் தொடர்பால 1868-ல டென்மார்க்ல தந்தி ஆபரேட்டர் வேலை கிடைச்சது. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி நியூகாசில்ல வேலை பார்த்தார்.

1873-ல மேக்ஸ்வெல்லோட மின்காந்தவியல் நூல் வெளிவந்தது. ஹெவிசைட் அதைப் புரட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல புரியல. நாமளா இருந்தா செமஸ்டர் முடியட்டும்னு மூடி வச்சிருப்போம். அவர் 1874-ல, 24 வயசுல வேலையையே விட்டுட்டார். அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க எந்த வேலைக்கும் போகல. அப்பா அம்மா கூட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, தேவையான கணிதத்தைத் தானாவே கத்துக்கிட்டு, அந்தப் புத்தகத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினார்.

1879-ல மேக்ஸ்வெல் 48 வயசுல இறந்துட்டார். அவர் விட்டுப்போன கோட்பாட்டைப் புரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். அதுல பொட்டென்ஷியல்கள் நடுநாயகமா இருந்தன. உண்மையில ஆற்றலைச் சுமக்கிறது மின்புலமும் காந்தப்புலமும்தானே, அதையே நேரா எழுதினா என்னனு ஹெவிசைட் யோசிச்சார். அதுக்குத் தோதா வெக்டர் கணிதத்தைத் தானே கட்டிக்கிட்டார். அமெரிக்காவுல கிப்ஸும் அதே காலத்துல தனியா இதைச் செஞ்சுக்கிட்டிருந்தார். 1884, 85 வாக்குல 'தி எலக்ட்ரீஷியன்' பத்திரிகையில ஹெவிசைட் எழுதின தொடர்ல 20 சமன்பாடு நாலா சுருங்கிச்சு. ரெண்டு டைவர்ஜென்ஸ், ரெண்டு கர்ல்.

எழுதுற விதம் மாறினா என்ன பெரிய மாற்றம்னு கேட்கலாம். 1966-ல கேன் யீ, அந்த ரெண்டு கர்ல் சமன்பாடுகளையும் எடுத்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கட்டத்துல அரை அடி தள்ளித் தள்ளி வச்சு, நேரத்துல மாறி மாறி நகர்த்துற ஒரு முறையைச் சொன்னார். எஃப்.டி.டி.டி.ன்னு நாம ஆன்டெனாவுக்குப் பயன்படுத்துறது அதுதான். பழைய 20 சமன்பாட்டு வடிவத்துல இப்படி ஒரு வழி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமாங்கிறது சந்தேகம்.

நாம வாயில புழங்குற சொற்கள்லயும் அவர் இருக்கார். இம்பீடன்ஸ், இன்டக்டன்ஸ் ரெண்டும் 1880-கள்ல அவர் வச்ச பேர்கள். உயர் அதிர்வெண்ல கரண்ட் கம்பியோட தோல்லயே ஓடும்ங்கிற ஸ்கின் எஃபெக்ட்டை ஹொரேஸ் லாம்ப் 1883-ல உருண்டையான கடத்திக்குச் சொன்னார். எந்த வடிவக் கடத்திக்கும் பொருந்தும்னு 1885-ல காட்டினது ஹெவிசைட். தாமிரத்துல 50 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தோல் சுமார் 9 மில்லிமீட்டர். ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு வெறும் 2 மைக்ரோமீட்டர். கடத்தியோட ஓரத்துல மெஷ்ஷை நெருக்கமா போடுங்கன்னு லேப்ல சொல்றாங்களே, காரணம் இதுதான். அங்க மெஷ் பெரிசா இருந்தா படம் அழகா வரும், லாஸ் கணக்கு தப்பா வரும்.

இவ்வளவு செஞ்சவருக்கு என்ன கிடைச்சது? முதல்ல கிடைச்சது எதிர்ப்பு. அப்போ நீண்ட தூர டெலிபோன்ல பேச்சு குழம்பிப் போகும். இன்டக்டன்ஸ்தான் பேச்சைக் கெடுக்குதுன்னு பிரிட்டிஷ் தபால் துறையோட மின்துறை உயர் அதிகாரி வில்லியம் பிரீஸ் நம்பினார். 1887-ல ஹெவிசைட்டோட கணக்கு நேர் எதிரா சொல்லுச்சு. ரெசிஸ்டன்ஸை இன்டக்டன்ஸால வகுத்தா வர்றதும், லீக்கேஜ் கண்டக்டன்ஸைக் கெப்பாசிட்டன்ஸால வகுத்தா வர்றதும் சமமா இருந்தா சிக்னல் தேயும், ஆனா வடிவம் சிதையாது. சாதாரண கேபிள்ல இன்டக்டன்ஸ் பத்தாது. அதனால அதை இன்னும் கூட்டணும்.

அவரோட அண்ணன் ஆர்தர் தபால் துறையில இன்ஜினியர். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரைக்கு மேலிடத்து அனுமதி வேணும். பிரீஸ் தடுத்துட்டார். அதே வருஷம் 'தி எலக்ட்ரீஷியன்'ல ஆசிரியர் மாறினார், ஹெவிசைட்டோட தொடரும் நின்னுபோச்சு. பதவி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். கொஞ்ச காலம் பதவிதான் ஜெயிச்சது.

1888-ல ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையில காட்டினதும் காத்து திரும்பிச்சு. 1889 ஜனவரியில பின்னாளைய கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் பொது மேடையில ஹெவிசைட்டைப் பாராட்டினார். 1891-ல ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனா காசு? லைன்ல இடைவெளி விட்டு காயில்களை வைக்கலாம்னு 1893-லயே எழுதினவர், பேட்டன்ட் வாங்கல. 1900-ல அமெரிக்காவுல மைக்கேல் பூப்பின் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஏ.டி. அண்ட் டி. அதைப் பெரிய தொகைக்கு வாங்கிக்கிச்சு. ஹெவிசைட்டோட பிழைப்பு, நண்பர்கள் முயற்சியால 1896-ல கிடைச்ச வருஷத்துக்கு 120 பவுண்ட் அரசு உதவித்தொகையில ஓடிச்சு.

கடைசிக் காலத்தை டெவன்ல, டார்க்கீ ஊர்ல தனியா கழிச்சார். ரேடியோ அலை வளைஞ்ச பூமியைத் தாண்டிப் போறதுக்கு வானத்துல மின்கடத்தும் அடுக்கு ஒண்ணு இருக்கலாம்னு 1902-ல சொன்னார். 1924 டிசம்பர்ல ஆப்பிள்டன் சோதனை செஞ்சு அதை உறுதிப்படுத்தினார். ரெண்டு மாசத்துல, 1925 பிப்ரவரி 3-ல, 74 வயசுல ஹெவிசைட் இறந்தார்.

அவரும் எல்லாத்துலயும் சரியா இருக்கல. பொட்டென்ஷியல்களை மொத்தமா தூக்கி எறியணும்னு பிடிவாதமா நின்னார். ஆனா மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் டிசைனுக்கு நாம இலவசமா இறக்கிக்கிற எஃப்.ஈ.எம்.எம். மாதிரி மென்பொருள்கள் உள்ளுக்குள்ள முதல்ல கண்டுபிடிக்கிறதே வெக்டர் பொட்டென்ஷியலைத்தான். இரு பரிமாணத்துல காந்தப்புலத்தோட ரெண்டு கூறுகளுக்குப் பதிலா ஒரே ஒரு எண்ணைத் தேடினா போதும், கணக்கு லேசாகும். எந்தப் பிரச்சினைக்கு எந்த வடிவம்னு தேர்ந்தெடுக்கிறது இன்னமும் இன்ஜினியர் வேலைதான். மென்பொருள் அதை நமக்காகச் செஞ்சு மறைச்சு வச்சிருக்கு, அவ்வளவே.

பிரீஸ் முட்டாள் இல்லை, அனுபவசாலி. கைக்கு வந்த ஃபார்முலாவை, அது எங்க பொருந்தும்னு கேட்காம நம்பினார். சிவப்பு நீலப் படத்தை அப்படியே ரெக்கார்டுல ஒட்டும்போது நாமளும் அதைத்தான் பண்றோம். அடுத்த தடவை சால்வ் அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல தோல் ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம மெஷ் அதைவிடப் பெரிசா இருந்தா, அந்தப் படத்தை ஒட்டாதீங்க.