துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை சரித்திரம்

முன்னோருள் புகழ்பெற்ற ஒருவரது வரலாற்றை ஆராயப் புகுவோர், முதற்கண் அவர்மீது பாடப்பெற்ற பிரபந்தங்களை நாடுதல் வழக்கம். நங்குலத்துதித்த புதுவை ஆனந்தரங்கம் பிள்ளையவர்கள் திறத்தில் அவற்றிற்குக் குறைவில்லை. தியாகராச தேசிகர் அவர்மீது கோவை பாடினார். சீனிவாச கவி 1752இல் வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு இயற்றினார். கஸ்தூரி ரங்க கவி தெலுங்கு யாப்பு நூலொன்றை அவர் பெயரால் அமைத்தார். தமிழ் கற்று அதனாற் பிழைக்கும் யான் இந்நூல்களை இகழ்வேனல்லேன். ஆயினும், பிள்ளையவர்கள் எவர்க்கு அஞ்சினார், எந்நாளில் மனமுடைந்தார் என்பன கோவையிற் காணக் கிடையா. கோவை அவரை அரசராக்கும். அவர் தாமே எழுதியும் எழுதுவித்தும் வைத்த தினசரிக் குறிப்போ அவரை மனிதராகக் காட்டும்.

பிள்ளையவர்கள் சென்னையைச் சார்ந்த பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனர் நயினியப்பப் பிள்ளை, புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக் கும்பினியாரிடம் 1708 முதல் தலைமைத் துபாஷியாயிருந்தவர். கும்பினியார்க்குச் சரக்கு சேகரித்தலும், ஊர்க் குடிகட்கும் துரைமார்க்கும் இடைநின்று பேசுதலும் துபாஷியின் தொழில். அவர் சொல்லாலேயே திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுவை புகுந்தார். இக்குடும்பத்து ஏற்றத்தை மட்டும் எழுதி, அதற்கு முன் நேர்ந்த வீழ்ச்சியை மறைப்பது நேர்மையன்று. அதனை ஈண்டுச் சற்று விரித்துரைப்பேன்.

1716ஆம் ஆண்டு தொடக்கத்தில் நயினியப்பர் சிறைபிடிக்கப்பட்டார். அவரை முன்பு அப்பதவியில் அமர்த்திய எபேர் என்னும் கவர்னரே அவரைச் சிறையிலிட்டவர். குடிகளைக் கலகத்திற்குத் தூண்டினாரென்பதும், அவர்களைக் கொடுமை செய்தாரென்பதும் குற்றச்சாட்டு. சேசு சபைப் பாதிரிமாரின் பகையும் இதற்குப் பெருங்காரணம். நயினியப்பர் கிறிஸ்து சமயந் தழுவாதவராய் அவ்வுயர்பதவியிலிருந்தது அவர்கட்குப் பொறுக்கவில்லை. விசாரணை நடந்தவாறு வியப்பிற்குரியது. நயினியப்பர் அறிந்த ஐரோப்பிய மொழி போர்த்துகேசியம். வழக்கு எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு. சாட்சிகள் தமிழிற் கூறினர். தம்மால் வாசிக்கவொண்ணாத பிரெஞ்சுக் காகிதங்களிற் கையொப்பமிட்டனர். தீர்ப்பு கடைத்தெருவில் ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டு சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்துப் பறிமுதல் என்பது. திருவேங்கடம் பிள்ளையும் உடன் சிறைப்பட்டார். நயினியப்பர் 1717இல் சிறையிலேயே உயிர்நீத்தார். அப்போது ஆனந்தரங்கர் எட்டு வயதுச் சிறுவர்.

குடும்பத்தார் அதனோடு அடங்கினாரல்லர். விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாகப் பிரான்சு தேசத்திற்கு அனுப்பினர். சாட்சிகள் தாம் ஒப்பமிட்ட காகிதத்தின் பொருளை அறியார் என்பதனையே வலியுறுத்தினர். எபேர் பதவியிழந்தார், இறந்தவர்மீதிருந்த தீர்ப்பும் நீக்கப்பட்டது. நயினியப்பரின் மூத்த மகனார் குருவப்பப் பிள்ளை தாமே பாரிசு நகரஞ் சென்றார். ஆங்கு ஞானஸ்நானம் பெற்றார். அரசரின் பொருட்டு ஆட்சி நடத்திய ஓர்லியான் பிரபுவே ஞானத்தந்தையாயினார். பரிசுத்த மிக்கேல் விருதுடன் 1722இல் மீண்டு, தந்தையின் பதவியை ஏற்று, இரண்டே ஆண்டில் மறைந்தார். அவர் மதம் மாறியது பற்றி நம்மவருட் சிலர் வாய்திறவாமலிருப்பர். எனக்கோ, தந்தையின் பேரைக் காக்கக் கடல் கடந்த அம்மகனைக் குறைகூற மனமில்லை.

குருவப்பருக்குப்பின் பதவி கிறிஸ்துவ குடும்பத்தவராகிய கனகராய முதலியாரிடஞ் சென்று, 1746இல் அவர் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. திருவேங்கடம் பிள்ளை 1726இல் காலமானபின் ஆனந்தரங்கர் பரங்கிப்பேட்டையிற் கும்பினியாரின் துணிக் கொள்முதலைக் கவனித்தார். தம் பேரிலும் வாணிகஞ் செய்து வளர்ந்தார். சொந்தக் கப்பலும் கடலிலோட்டினார். துய்ப்ளேக்சு துரை 1742இல் கவர்னராக வந்தபின் அவர் நம்பிக்கைக்குரியவரானார். 1747இல் தலைமைத் துபாஷியானார். நவாபு முசபர் சங்கு மூவாயிரங் குதிரைக்கு மன்சப்தார் என்னும் பட்டம் நல்கினார். கவர்னர் மாளிகை முற்றம் வரை பல்லக்கில் ஏறிச்செல்லும் உரிமையும் அவர்க்கிருந்தது. இவை புலவர் பாடிய பகுதி, ஆதலின் விரித்திலேன்.

நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பரில், பிள்ளையவர்கள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கணக்கப்பிள்ளை பேரேடெழுதும் நடை அது. வடசொல்லும், பாரசீகமும், போர்த்துகேசியமும், பேச்சுத் தமிழும் கலந்து வரும். என் மாணாக்கர் அவ்வாறெழுதின் சிவப்பு மையாற் கோடிடுவேன். எனினும் கப்பல் வரவு, சரக்கின் விலை, துரைமார் சண்டை, 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த செய்தி, வீட்டுக் கலியாணம், கைக்கூலி கொடுத்தவர் வாங்கியவர் எல்லாம் அதனுள் உள. எதற்காக எழுதினார்? படிக்கமுடியாத காகிதங்களாற் கெட்ட குடும்பத்திலே வளர்ந்தவர், தம் மொழியில் தமக்கென ஒரு சாட்சி இருக்கட்டுமென எண்ணினார் போலும். இஃது என் ஊகமே.

அச்சாட்சி அவர்க்கே பலவிடங்களில் மாறாகப் பேசுகின்றது. ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த 1748 செப்டம்பரில் புதுவை வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. துரைசாணியின் ஏவலும் பாதிரிமாரின் முனைப்பும் அதிற் கலந்திருந்தன. ஊர் மகாநாட்டார் பிள்ளையிடம் வந்து முறையிட்டனர். துரையிடம் அத்துணைச் செல்வாக்குடையராயிருந்தும் அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. வருத்தத்தை எழுதினார், பதவியை விட்டு விலகினாரல்லர். இதனைச் சொல்லாது விடின் அவர் குறிப்பை யாம் படித்தோமெனல் பொய்யாகும்.

1754இல் துய்ப்ளேக்சு பிரான்சிற்குத் திருப்பியழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையவர்கள் பதவி பறிக்கப்பட்டது. வரவேண்டிய கடன்கள் வந்தபாடில்லை, உடலும் நலிந்தது. எழுதுவது மட்டும் நிற்கவில்லை. 1761 சனவரியில், ஊரைச் சுற்றி ஆங்கிலப் படையிருக்க, புதுவை சரணடைதற்குச் சில நாள் முன்னர் அவர் காலமானார்.

அவருக்குப்பின் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தனர். பின்னர் அவ்வேடுகள் வீட்டிலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுப்பித்தார். மற்றொரு பிரெஞ்சு அதிகாரியாகிய ஆரியேல் எடுப்பித்த படி பாரிசு நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டனர். தமிழில் எழுதப்பட்ட அந்நூல் தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948இலேதான். மூல ஏடுகள் பல காணாமற்போயின. இடையிடையே சில மாதங்கள் அச்சிட்ட தொகுதிகளில் இல்லை. பிள்ளையவர்கள் மாளிகை ரங்கபிள்ளை வீதியில் இன்றும் நிற்கின்றது.