பெர்க்கின்ஸ் அம்மையாரும் முதியோர் பென்ஷனும்

உடலில் வலுவுள்ள வரையில் ஒருவனை வேலை வாங்கிக்கொண்டு, கை ஓய்ந்ததும் அவனைத் தெருவில் நிறுத்தும் சமூகத்தை நாகரிகமுடையதென்று சொல்வதற்கில்லை. இதை மறுப்பவர் எவருமிலர். ஆனால் கை ஓய்ந்த காலத்துச் சோற்றுக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டவுடனே அபிப்பிராய பேதம் தோன்றிவிடுகிறது. அவனவன் தன் பெயரில் தனிக்கணக்கு வைத்துச் சேமித்துக்கொள்ள வேண்டியதே என்பர் ஒரு சாரார். சர்க்காரே எல்லோரிடமும் வசூலித்து எல்லோருக்கும் பென்ஷன் அளிக்கவேண்டுமென்பர் மற்றொரு சாரார். அமெரிக்காவில் இவ்விவாதம் தொண்ணூறு வருஷங்களாக நடந்து வருகிறது. அதன் முதற்கட்டத்தில் சர்க்கார் பென்ஷனுக்காகப் போராடி வென்றவர் பிரான்ஸிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். அவருடைய சரித்திரத்தை அறிந்தால் இவ்விவாதத்தின் சாரம் தானே விளங்கும்.

அம்மையார் 1880-ம் வருஷம் பாஸ்டன் நகரில் பிறந்தார். 1902-ல் கல்லூரிப் படிப்பை முடித்துச் சில காலம் உபாத்தியாயினியாக இருந்தார். பின்னர் சிக்காகோ நகரத்து ஏழைகளிடையே தொண்டு செய்து, நியூயார்க் வந்து சேர்ந்தார். 1911 மார்ச் 25-ந் தேதி அவர் ஒரு சிநேகிதியின் வீட்டிலிருந்தபோது, அருகிலிருந்த ‘டிரயாங்கிள்’ தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அவர் ஓடிச்சென்று பார்த்தார். வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. இளம் பெண்கள் உயர்ந்த மாடிகளின் ஜன்னல்களிலிருந்து குதித்து மாண்டனர். இறந்தவர் 146 பேர். தொழிலாளியின் க்ஷேமத்தை முதலாளியின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது, சட்டம் வேண்டும் என்ற உறுதி அன்று அவர் உள்ளத்தில் பதிந்தது. அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அந்த உறுதியின் விரிவே என்று நாம் சொல்லுவோம்.

1929-ல் நியூயார்க் கவர்னராயிருந்த ரூஸ்வெல்ட் அவரை அந்த ராஜ்யத்தின் தொழில் கமிஷனராக நியமித்தார். அதே வருஷம் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்து ஆயிரக்கணக்கான பாங்குகள் மூடப்பட்டன. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் ஒரே நாளில் மறைந்தது. சிக்கனமாய் வாழ்ந்தவனும் ஊதாரியும் ஒரே வரிசையில் கஞ்சிக்கு நின்றனர். சேமிப்பு நற்குணந்தான், ஆயினும் தேசம் முழுவதையும் தாக்கும் ஆபத்தைத் தனி மனிதனுடைய நற்குணம் தடுக்கமாட்டாது என்பதை ஜனங்கள் கண்கூடாகக் கண்டனர்.

1933-ல் ஜனாதிபதியான ரூஸ்வெல்ட், தொழில் மந்திரி பதவியை அம்மையாருக்கு அளிக்க முன்வந்தார். முதியோர் பென்ஷன், வேலையில்லாதோருக்கு இன்ஷியூரன்ஸ், குறைந்தபட்சக் கூலி முதலியவற்றுக்குப் பாடுபட அனுமதி கிடைத்தால்தான் ஏற்பதாக அவர் முன்னதாகவே தெரிவித்து, சம்மதம் பெற்ற பின்னரே பதவியேற்றார். அமெரிக்க மந்திரி சபையில் அமர்ந்த முதல் ஸ்திரீ அவரே.

1934 ஜூனில் பொருளாதாரப் பாதுகாப்புக் கமிட்டி ஏற்பட்டது. அதன் தலைமை அம்மையாரிடம் வந்தது. அங்கத்தினர்கள் முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருக்கவே, கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, டெலிபோன் மணி குறுக்கிடாதபடி செய்துவிட்டு, முடிவு ஏற்படும் வரையில் எழுந்திருக்க விடாமல் நள்ளிரவு கடந்தும் உட்கார்த்தி வைத்தார். தொழிலாளியும் முதலாளியும் கூலியில் நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் செலுத்துவது, 65 வயது முதல் தொழிலாளிக்குப் பென்ஷன் அளிப்பது என்று சட்டத்தின் பென்ஷன் ஏற்பாடு உருவாயிற்று. தானே செலுத்திப் பெறுவதால் அது பிச்சையன்று, உரிமை.

மசோதா செனட் சபைக்கு வந்தபோது மிஸ்ஸௌரி ராஜ்யத்து அங்கத்தினர் கிளார்க் ஒரு திருத்தம் கொணர்ந்தார். சொந்தத்தில் பென்ஷன் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்குச் சர்க்கார் திட்டத்திலிருந்து விலக்களிக்க வேண்டும் என்பதே அது. மேலுக்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையை 51-க்கு 35 என்ற வோட்டுக் கணக்கில் செனட் ஏற்றது. ஆனால் இதில் மறைந்திருந்த அபாயம் பெரிது. வாலிபர் நிறைந்த கம்பெனிகள் குறைந்த செலவில் தனித்திட்டம் நடத்தி விலகிக்கொள்ளும். முதியோர் நிறைந்தவை சர்க்காரின் தலையில் விழும். செலவைக் குறைக்க முதலாளிகள் வயதானவர்களுக்கு வேலை தர மறுப்பர். வேலை மாறுகிறவனுடைய உரிமை நடுவில் அறுந்துபோகும். பிரதிநிதி சபை இத்திருத்தத்தை ஏற்க மறுத்தது. இரு சபைகளுக்குமிடையே பல வாரங்கள் இழுபறி நடந்தது. முடிவில் அந்த விஷயத்தைப் பின்னால் ஆராயலாமென்று ஒதுக்கிவைத்தனர். அது மீண்டும் தலையெடுக்கவில்லை. 1935 ஆகஸ்ட் 14-ந் தேதி ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டத்தில் குறையில்லையென்று நாம் கூறமாட்டோம். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்களிடம் வரி வசூலிப்பது கடினமென்று பொக்கிஷ மந்திரி சாதித்தார். நீக்ரோ மக்களில் பெரும் பகுதியினர் இந்த வேலைகளிலேயே இருந்தமையால், பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டவர்களே வெளியே நின்றனர். 1950, 1954-ம் வருஷத்துத் திருத்தங்களே அவர்களில் பலரை உள்ளே கொணர்ந்தன.

அம்மையாரின் கட்சியே சரியென்பதை அவர் வாழ்நாளிலேயே ஒரு சம்பவம் காட்டிற்று. 1963-ல் ஸ்டூடிபேக்கர் மோட்டார் கம்பெனி சௌத் பெண்ட் நகரத் தொழிற்சாலையை மூடியது. அதன் பென்ஷன் நிதியில் போதிய பணமில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்டும் ஓய்வு வயதை எட்டாத நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, சேர வேண்டியதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே கிடைத்தது. இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. கம்பெனியை நம்பியிருந்த பென்ஷன் கம்பெனியோடு போயிற்று. சர்க்கார் பென்ஷன் மட்டும் நின்றது. தனியார் திட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1974-ல்தான் வந்தது.

2005-ல் ஜனாதிபதி புஷ், வரியில் ஒரு பகுதியை அவரவர் தனிக்கணக்கில் போட்டுப் பங்குச் சந்தையில் முதலீடு செய்யலாமென்று யோசனை கூறினார். அது வோட்டுக்கே வரவில்லை. மூன்று வருஷத்தில் சந்தை மறுபடியும் சரிந்தது. எனினும் எதிர்க்கட்சியின் வாதத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. முதியோர் பெருகி உழைப்போர் விகிதம் குறைகிறது. 2030-களில் கையிருப்பு நிதி தீர்ந்துவிடுமென்று அதன் நிர்வாகிகளே கணக்கிடுகிறார்கள். ஆனால் இதற்குப் பரிகாரம் வரியையும் வரம்பையும் சீர்செய்வதேயன்றி, கூரை ஒழுகுகிறதென்று வீட்டை இடிப்பதன்று. தனிக்கணக்குக் கூடுதல் வருமானம் தரலாம். அது சட்டியில் விழும் குழம்பு. அடிப்படைச் சோறு சந்தையின் ஏற்ற இறக்கத்தில் இருக்கலாகாது.

பெர்க்கின்ஸ் அம்மையார் 1965-ல், தமது 85-வது வயதில் காலமானார். கணவர் மனநோயால் வருந்தியமையால் குடும்ப பாரத்தைத் தாமே சுமந்த அவர், கடைசிவரை கார்னெல் சர்வகலாசாலையில் கற்பித்து வந்தார். முதுமையில் ஓய்வு கோடிக்கணக்கானோரின் உரிமையாகும்படி செய்த அவர், தமக்கென்று ஓய்வை நாடவில்லை. பூட்டிய கதவின் பின்னால் எவரும் கைவிடப்படலாகாது என்பதே அவர் வாழ்க்கை புகட்டும் பாடமென்று நாம் கருதுகிறோம்.