சொஜர்னர் ட்ரூத்: மகனை மீட்ட மன்றமும் கிடைக்காத நிலமும்

சொஜர்னர் ட்ரூத் என்றால் 1851-இல் ஓஹையோவின் ஆக்ரன் நகரப் பெண்ணுரிமை மாநாட்டில் அவர் ஆற்றிய உரையே பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத அவர் நீதிமன்றப் படியேறி, விற்கப்பட்ட தம் மகனை மீட்டிருந்தார். வன்கொடுமை வழக்குகளில் தாய்மாரோடு நீதிமன்ற வாசலில் காத்து நிற்கும் நாம், அவரது வாழ்வை அங்கிருந்தே வாசிக்க வேண்டும்.

1797-ஐ ஒட்டி நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். இட்ட பெயர் இசபெல்லா. உரிமையாளர் வீட்டுக்கு அடியில் ஈரம் கசிந்த நிலவறையே அவர் அறிந்த முதல் வீடு. உடன்பிறந்தோர் பலர் முன்னரே விற்கப்பட்டிருந்தனர். தாய் எலிசபெத் மாலை வேளைகளில் வானத்தின்கீழ் பிள்ளைகளை அமர்த்தி, அவர்கள் குரலைக் கேட்கும் கடவுள் ஒருவர் உண்டெனக் கற்பித்தார். சுமார் ஒன்பது வயதில், ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு இசபெல்லா ஏலத்தில் போனார். டச்சு மொழி மட்டுமே அறிந்த அச்சிறுமி, ஆங்கிலக் கட்டளைகள் புரியாததற்காகக் குருதி வழிய அடிக்கப்பட்டார். மேலும் கைமாறி, 1810-இல் ஜான் டூமான்ட் என்பவரிடம் சேர்ந்தார்.

1799 ஜூலைக்கு முன் பிறந்த அடிமைகள் 1827 ஜூலை 4 அன்று விடுதலை பெறுவர் என நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியிருந்தது. அதன் பின் பிறந்த பிள்ளைகளோ இருபது வயது கடந்தும் உழைத்தாக வேண்டும். ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாகச் சொன்ன டூமான்ட், பின்னர் வாக்குத் தவறினார். 1826-இன் இறுதியில் ஒரு விடியற்காலை, கைக்குழந்தை சோஃபியாவுடன் இசபெல்லா வெளியேறினார். வான் வாகனன் குடும்பத்தார் 25 டாலர் கொடுத்து இருவருக்கும் அடைக்கலம் அளித்தனர். மற்றப் பிள்ளைகளை விட்டுவரும்படி ஆயிற்று.

அவர்களுள் பீட்டர் ஐந்து வயதளவில் விற்கப்பட்டு, தெற்கே அலபாமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். மாநிலத்துக்கு வெளியே அடிமைகளை விற்பதைச் சட்டம் தடைசெய்திருந்தும், கேட்பாரின்றி அது நடந்தது. பழைய உரிமையாளர் வீட்டில் முறையிட்ட தாய்க்கு ஏளனமே கிடைத்தது. அவர் கிங்ஸ்டன் நீதிமன்றத்துக்குச் சென்றார். குவேக்கர் சமயத்தார் துணைநின்றனர். 1828-இல் மகன் தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். அமெரிக்காவில் வெள்ளையருக்கு எதிராக வழக்காடி வென்ற முதல் கறுப்பினப் பெண்களுள் அவர் ஒருவர். அவ்வழக்கின் ஆவணங்கள் 2022-இல் மாநில ஆவணக் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டன.

மன்றத்தில் நின்ற சிறுவன், அச்சத்தால் தாயைத் தாய் அல்ல என்று மறுத்தான். முகத்திலிருந்த வடுவுக்குக் குதிரை உதைத்ததைக் காரணமாகச் சொன்னான். பின்னர் தாய் தடவிப் பார்த்தபோது முதுகெங்கும் சவுக்கடித் தழும்புகள். ஆணை அவனை மீட்டது, ஆறுதல் தரவில்லை. வளர்ந்து திமிங்கில வேட்டைக் கப்பலேறிய பீட்டர் திரும்பி வரவே இல்லை.

1843-இல், இறைவன் அழைத்ததாக நம்பி, உண்மையைச் சொல்லிச் செல்லும் வழிப்போக்கர் என்ற பொருள்பட சொஜர்னர் ட்ரூத் எனத் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். 1850-இல் மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் 300 டாலர் கடனில் வீடு வாங்கினார். சொல்லி எழுதுவித்த வாழ்க்கை வரலாற்று நூலை விற்றுக் கடனை அடைத்தார். பின்னாளில் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் மகள்களும் பேரப்பிள்ளைகளும் அவரோடு வாழ்ந்தனர். சிதறடிக்கப்பட்ட குடும்பத்துக்கு அவர் தேடித்தந்த கூரை அது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாஷிங்டனில் விடுதலை பெற்றோரின் முகாம்களிலும் மருத்துவமனையிலும் பணியாற்றினார். டிராம் வண்டியில் தம்மைத் தள்ளித் தோளைக் காயப்படுத்திய நடத்துநர்மீது வழக்குத் தொடுத்தார், நடத்துநர் வேலையிழந்தார். ஆயினும் முகாம்களில் அவர் கண்டது, விடுதலை பெற்றும் ஒண்ட இடமின்றி, பிறர் தரும் ரொட்டியை நம்பியிருந்த மக்களை. 1870 முதல், அவர்களுக்கு மேற்கில் அரசு நிலம் வேண்டுமெனக் கையொப்பம் திரட்டி ஊர் ஊராகச் சென்றார். நாடாளுமன்றம் அந்நிலத்தைத் தரவேயில்லை. 1883 நவம்பர் 26 அன்று அவர் மறைந்தார்.

அவர் அம்மனுவைச் சுமந்து திரிந்த அதே காலத்தில், 1873-இல், ஜோதிராவ் புலே தமது குலாம்கிரி நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அக்காணிக்கை நியாயமானது. அதனருகில் ட்ரூத்தின் மனுவையும் வைத்தே நாம் வாசிக்க வேண்டும். விலங்கை அறுத்த நாடு காணி நிலம் தர மறுத்தது.

நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளும் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்கு நிலத்தையும் வீட்டுமனையையும் பேசுகின்றன. தண்டனைத் தீர்ப்போடு கோப்பை மூடிவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. மூடும் முன், வழக்காடிய தாய் இன்றிரவு எங்கே உறங்குவார் என்பதையும் கேட்டு, அதற்குரிய மனுவையும் எழுதுவோம்.