கண்ணாடித் தகட்டில் பாய்ந்த கோல்கீப்பர்!

உங்க பிள்ளை ஃபுட்பால் ஆடுறாங்களா? அப்போ இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்னு மொபைல்ல நூறு படம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தா, ஒண்ணுல பந்து இல்லை, இன்னொண்ணுல பிள்ளையோட தலை இல்லை. மீதியில எல்லாம் கோச்சோட முதுகு!

ஒரே கிளிக்கில் இந்த வேலையைச் செய்து சாப்பிட்ட ஒரு மனுஷரைப் பத்திச் சொல்றேன்.

மார்ட்டின் முன்காச்சி. 1896-ல், அன்றைய ஹங்கேரியின் கொலோஷ்வார் நகரில் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். முன்காச்சி புடாபெஸ்ட்டுக்கு வந்து முதலில் விளையாட்டுச் செய்திகள் எழுதினார். கேமராவைத் தூக்கியது அப்புறம்தான். அதுவும் கண்ணாடித் தகடு போடும் கேமரா. ஒரு படம் எடுத்ததும் தகட்டை மாற்றணும். அதுக்குள்ள கோல் விழுந்து, கொண்டாட்டமும் முடிஞ்சிருக்கும். அதனால பந்து போற இடத்தை அவர் முன்கூட்டியே ஊகிச்சாகணும். ரிப்போர்ட்டராக ஆட்டத்தை உட்கார்ந்து கவனித்த பழக்கம்தான் இங்கே கைகொடுத்திருக்கும்னு எனக்குத் தோணுது.

1920-களின் கடைசியில் அவர் எடுத்த கோல்கீப்பர் படத்தைத் தேடிப் பாருங்க. உடம்பு முழுக்கக் காற்றில், தரைக்குக் கிடையாக நீண்டிருக்கும். பந்தைப் பிடிச்சாரா, விட்டாரான்னு நம்ம மனசு அடிச்சுக்கும்.

பிறகு பெர்லினின் பெரிய படப் பத்திரிகையில் வேலை. ஆப்பிரிக்கா போனவர், அலையை நோக்கி ஓடும் மூன்று சிறுவர்களைப் பின்னாலிருந்து எடுத்தார். ஒரு முகமும் தெரியாது. ஆனா சந்தோஷம் தெரியும். இதைப் பார்த்துத்தான் பிரான்ஸின் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கேமராவைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். வேடிக்கை என்னன்னா, அவருக்கு க்ராப் பண்றதே பிடிக்காது!

முன்காச்சி அப்படியில்லை. அவருடைய முழுத் தகட்டையும் பத்திரிகையில் வந்த படத்தையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா, தேவையில்லாத ஓரமெல்லாம் துணிஞ்சு வெட்டப்பட்டிருக்கும். நீங்களும் கொஞ்சம் அகலமாவே எடுங்க. வெட்டும்போது பிள்ளையும் பந்தும் உள்ளே இருக்கட்டும். ஓடுற திசையில காலியிடம் விடுங்க. முழங்கால்லயோ கணுக்கால்லயோ மட்டும் வெட்டிடாதீங்க, கால் ஒடிஞ்ச மாதிரி இருக்கும்.

அவர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் இருக்க முடியவில்லை. 1934-ல் அமெரிக்கா போய்விட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக, குளிர்காற்று அடிக்கும் கடற்கரையில் ஒரு மாடலை நீச்சலுடையில் ஓடச் சொல்லிப் படம் எடுத்திருந்தார். பொம்மை மாதிரி நின்ன ஃபேஷன் போட்டோ அன்னிக்குத்தான் ஓட ஆரம்பிச்சது. மைதானத்தில் கத்துக்கிட்ட வித்தைதானே!

அதிகச் சம்பளம் வாங்கியவர், கடைசிக் காலத்தில் உடம்பு கெட்டு, வாய்ப்பும் இல்லாமல் போனார். அவர் இறந்த பிறகு, அந்தத் தகடுகளை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. எங்கேயோ தொலைந்தே போயின. 2007-ல் ஆயிரக்கணக்கில் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையம் வாங்கியது.

அவர் உயிர் பிரிந்தது 1963 ஜூலையில், நியூயார்க்கில். மாரடைப்பு. அப்போது அவர் ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.