யோபுவின் கதை கேட்ட புனிதர்

வானளாவிய தொழிற்சாலைகளும், விடியுமுன்னே வரிசையாக ஓடும் கம்பெனிப் பேருந்துகளும் நிறைந்தது எங்கள் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதி. எங்கள் தந்தையரில் பலர் இங்கே கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் ஆலைகளில் இரவு பகலாகப் பாடுபடுகின்றனர். வேலை உள்ளவரை வீட்டில் கவலையில்லை. அந்த வேலை திடீரென்று போய்விட்டால்? அப்படி எல்லாவற்றையும் இழந்து நிற்பவர்களுக்கு ஆறுதல் தரும் புனிதர் ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே தோன்றியிருக்கிறார். அவரே புனித தேவசகாயம். அவருடைய வாழ்வைச் சிறிது காண்போம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் சிற்றூரில், 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், வசதி படைத்த இந்துக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. கல்வியிலும் போர்ப் பயிற்சியிலும் தேர்ந்த அவர், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவலரானார். பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தி வந்தார்.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்டவர்களுள் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். நீலகண்டருக்கும் டிலனாய்க்கும் நட்பு மலர்ந்தது.

அந்நாளில் நீலகண்டரின் குடும்பத்தில் இழப்புகள் அடுக்கடுக்காக வந்தன. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. முகம் வாடியிருந்த நண்பரிடம் டிலனாய் காரணத்தைக் கேட்டறிந்தார். பின்னர் வேதாகமத்திலிருந்து யோபுவின் கதையை அவருக்கு எடுத்துச் சொன்னார்.

யோபுவுக்கு 7000 ஆடுகளும் 3000 ஒட்டகங்களும் இருந்தன. பத்துப் பிள்ளைகள் இருந்தனர். அத்தனையையும் ஒரே நாளில் இழந்தார். உடலெங்கும் புண் கண்டது. ஆயினும் அவர் இறைவனை விட்டு விலகவில்லை. யோபு துன்புற்றது பாவம் செய்ததனால் அன்று என்பதே அக்கதையின் உயிர்நாடி. அதைச் சொன்ன டிலனாயோ, போரில் தோற்று, அந்நிய மண்ணில் கைதியாக நின்றவர். இழப்பை அறிந்த ஒருவர் இழப்பில் நின்ற ஒருவருக்குச் சொன்ன கதை அது. ஆகவேதான் அது நீலகண்டரின் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு ஒருவரிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் பொருள் தோன்ற, தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். அவர் மனைவியும் ஞானப்பூ அம்மாள் என்னும் பெயரில் திருச்சபையில் சேர்ந்தார்.

அதன்பின் தேவசகாயம் சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். இது பலருடைய பகையைத் தேடித் தந்தது. 1749-ல் அவர் கைது செய்யப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர், அடித்தனர், புண்களில் மிளகாய்ப் பொடி தடவினர். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இக்கொடுமைகளைப் பொறுத்தார். இறுதியில் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012-ல் முத்திப்பேறு பெற்ற அவரை, 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே.

தோழியரே! இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கதையின் முடிவில் யோபுவுக்கு எல்லாச் செல்வமும் இரு மடங்காகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கோ பதவி போயிற்று, வீடு போயிற்று, உயிரும் போயிற்று. போனது திரும்பி வரும் என்பதற்காக அவர் விசுவசிக்கவில்லை. இறைவன் தம்மோடு இருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை ஓர் ஆலையில் ஒப்பந்த வேலையை இழந்தார். வீட்டில் ஜெபம் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று எங்களில் சிலர் அவள் காதுபடவே பேசினோம். மறுவாரம் முதல் அவள் ஞானோபதேச வகுப்பிற்கு வரவில்லை. யோபுவின் கதையைப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து அவர்மேல் குற்றம் சுமத்தியபோதுதான் பிழை செய்தார்கள். அதே பிழையை நாங்களும் செய்திருந்தோம்.

அவள் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்டோம். புத்திமதி எதுவும் சொல்லாமல், அவள் தவறவிட்ட பாடங்களை உடனிருந்து எழுதிக் கொடுத்தோம். அவள் தந்தை இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பழைய சம்பளம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் தோழி மறுபடியும் எங்கள் பெஞ்சில் அமர்கிறாள்.

வேதாகமக் கதைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய மட்டும் உள்ளவை அல்ல. டிலனாய் தம் நண்பருக்குச் சொன்னதுபோல, துன்புறுவோரின் அருகில் அமர்ந்து பகிர்ந்து கொள்ள வேண்டியவை. புனித தேவசகாயத்தின் வேண்டுதலால், துயரில் இருப்போரைத் தீர்ப்பிடாமல் அவர்களுக்குத் துணை நிற்கும் நல்ல உள்ளத்தை நாம் அனைவரும் பெறுவோமாக!